வடிக்கும் ஆயிலைப் பார்த்தாக வேண்டும்

சொந்த வண்டிக்கு வீட்டு வாசலிலேயே இஞ்சின் ஆயில் மாற்றுபவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு மிச்சமாகும் என்றுதான். உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவிக்கு ஆறு முதல் ஏழரை லிட்டர் வரை ஆயில் பிடிக்கும். சர்வீஸ் பில்லில் பெரும்பகுதி அந்த ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் போய்விடுகிறது. கூலி அதில் சிறு பங்கு. நல்ல ஆயிலை நாமே கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய அதே விலைதான். வடிக்கிற டிரே, புனல், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், கையுறை என்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆகவே பணத்தை நினைத்து இந்த வேலையில் யாரும் இறங்க வேண்டாம். பல வருடங்களாக இதை என் கையாலேயே செய்து வருவதற்கும், வண்டி வைத்திருக்கும் நண்பர்களைச் செய்யச் சொல்லி வற்புறுத்துவதற்கும் காரணம் வேறு. இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான சாட்சியம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாக வெளியே வருகிறது. சர்வீஸ் சென்டரில் அது நேராகப் பீப்பாய்க்குள் போய்விடும்; வண்டிக்காரர் கைக்கு வருவது ‘ஆயில், ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரி. அந்தச் சாட்சியத்தைப் பார்க்கும் வாய்ப்பை வண்டிக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

இதைக் கைவேலைப் பிரியர்களின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 1946-ல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் கம்பெனியின் ஆய்வுக்கூடம், லோகோ இஞ்சின்களில் ஓடித் தேய்ந்த ஆயிலில் கலந்திருந்த உலோகங்களை நிறமாலைமானி கொண்டு அளந்து, இஞ்சினைத் திறக்காமலே உள்ளே இருக்கும் கோளாறைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு அந்த முறை ரயில்வேயிலிருந்து ராணுவம், விமானம், மின்நிலையம் என்று பரவிவிட்டது. நம் ஊர் ரயில்வேயிலும் பொன்மலை, ஈரோடு போன்ற டீசல் ஷெட்களில் லோகோவின் ஆயிலை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது அன்றாட வேலை. இரும்பு கூடினால் லைனரோ ரிங்கோ தேய்கிறது. செம்பும் ஈயமும் கூடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போகிறது. கூலன்ட்டில் சேர்க்கும் ரசாயனம் தென்பட்டால் எங்கோ தண்ணீர் கசிகிறது. சின்ன விமானங்களின் பிஸ்டன் இஞ்சினில் மெக்கானிக் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து, உலோகச் சிலும்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போவார். கோடிக்கணக்கில் விலை போகும் இஞ்சின்களுக்குப் பொருந்துகிற நியாயம், கடன் போட்டு வாங்கிய குடும்ப வண்டிக்கும் பொருந்தும். நம்மிடம் நிறமாலைமானி இல்லை. கண்ணும் மூக்கும் விரலும் இருக்கின்றன. அவற்றுக்கு எட்டுகிற அளவு சேதியும் அந்த ஆயிலில் இருக்கிறது.

முதல் சேதி, ஆயில் வடிக்கும் போல்ட்டில் கை வைப்பதற்கு முன்பே, டிப் ஸ்டிக்கில் கிடைத்துவிடும். ஆயில் அளவு குறைந்திருந்தால் இஞ்சின் குடிக்கிறது அல்லது கசிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலத்து டீசல் வண்டியில் அதைவிடக் கவனிக்க வேண்டியது, அளவு ஏறியிருப்பது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தபின் டீசல் எஸ்யூவிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் எனும் கரித்துகள் வடிகட்டி சேர்ந்துகொண்டது. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக, சிலிண்டரில் எரிதல் முடிந்த பிற்பாடு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும் ஏற்பாடு பல இஞ்சின்களில் உண்டு. அப்படித் தெளிப்பதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. பெட்ரோலாக இருந்தால் நல்ல சூட்டில் ஓடும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். டீசலின் கொதிநிலை 180 டிகிரியில் தொடங்கி 360 வரை போகும். சம்ப்பில் ஆயில் இருப்பதோ 100 டிகிரியை ஒட்டி. ஆகவே இறங்கிய டீசல் அங்கேயே தங்குகிறது, ஆயிலை நீர்க்க வைக்கிறது, டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி அளவு ஏறுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் அந்த எரிப்பு ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடியும். சென்னையில் கிண்டிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே காலையும் மாலையும் ஊர்ந்து, பாதி எரிப்பில் இஞ்சினை அணைக்கும் வண்டியில் அது திரும்பத் திரும்பத் தொடங்கும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் கீழே இறங்கும். எல்லா இஞ்சினும் இப்படி அல்ல. சிலவற்றில் இதற்கென்றே புகைக்குழாயில் தனி இன்ஜெக்டர் வைத்திருக்கிறார்கள், அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நம் வண்டி எந்த வகை, நாம் ஓட்டும் விதத்துக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்ல அந்த டிப் ஸ்டிக்கைவிட நம்பகமான ஆள் கிடையாது. பத்தாயிரத்தில் மாற்ற வேண்டிய ஆயிலை ஏழாயிரத்திலேயே மாற்ற வேண்டுமா என்ற முடிவு அங்கிருந்துதான் வர வேண்டும். சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு வந்தால், ஏறியிருந்த அளவும் வடிந்துபோகும், அதை யாரும் நம்மிடம் சொல்லப்போவதும் இல்லை.

அடுத்தது வடிதல். இஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டு, ஆயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அணைக்க வேண்டும். நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு கழற்றினால் வெந்துவிடும். ஆறிப்போன ஆயிலோ கெட்டியாக நின்று, அடியில் படிந்ததைத் தன்னோடு கொண்டுவராது. ஆயில் ஊற்றும் மூடியை மேலே திறந்து வைத்துவிட்டால் காற்று இறங்கி ஆயில் தடையில்லாமல் வடியும். கீழே ரிங் ஸ்பேனரால் போல்ட்டை முதல் சுற்று தளர்த்தியபின் மிச்சத்தை விரலால்தான் கழற்ற வேண்டும். போல்ட்டை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சுழற்றினால் கடைசி மரை விடும் வரை ஒரு சொட்டும் கசியாது. மரை விட்டது விரலுக்குத் தெரிந்த நொடியில் கையைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். முதலில் ஆயில் நேர் கீழே விழாது. கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் தள்ளி, வளைந்து பாயும். டிரேயை அந்த வளைவுக்கு வைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் வேகம் குறைந்து செங்குத்தாகும், பிறகு நூலாகும், அந்த நூலைச் சிறு காற்றுகூட டிரேயின் விளிம்புக்குத் தள்ளிவிடும். இந்தச் சமயத்தில்தான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஆயில் தேன் மாதிரித் தழைந்து விழுகிறதா, தண்ணீர் மாதிரிச் சளசளவென்று விழுகிறதா? டீசல் வாடை தனியாகத் தூக்கலாக இருக்கிறதா? பால் கலந்த காபி நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதாவது வந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அந்த வண்டியை அதன்பிறகு ஓட்டக்கூடாது. டிரேயைச் சாய்த்து வெயிலில் பிடிக்கும்போது மேலே மினுமினுவென்று பொடி மிதந்தால் பேரிங் பற்றிய கவலை நியாயமானது.

இதில் ஏமாற்றும் சாட்சி நிறம். டீசல் இஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். பெட்ரோல் பங்கில் டிப் ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டி, கறுத்துவிட்டது சார், மாற்றிவிடுங்கள் என்று சொல்வதைக் கேட்டு மாற்றியவர்கள் ஏராளம். ஆயிலில் சேர்த்திருக்கும் ரசாயனங்களில் ஒன்றின் வேலையே, எரிதலில் பிறக்கும் கரியை ஒட்டவிடாமல் பொடிப்பொடியாக மிதக்க வைத்து, வடியும்போது தன்னோடு கொண்டுவருவது. கறுத்த ஆயில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள். இன்னொரு ரசாயனம், எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிப்பது. அது தீர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, விரலில் தேய்த்தும் சொல்ல முடியாது. நான் கண்ணையும் மூக்கையும் நம்பச் சொல்வதற்கு இப்படி ஓர் எல்லை உண்டு. வாசலில் வடிக்கும் ஆயில் பெரிய கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும். ஆயிலின் ஆயுள் எவ்வளவு பாக்கி என்பதைக் காட்டாது. அதற்குக் கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரையும் மாதத்தையும் மதிப்பதுதான் சரி. வண்டி ஓடவே இல்லை என்றாலும் வருடம் ஒருமுறை மாற்றுவதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

போல்ட்டில் காந்தம் வைத்த வண்டிகளில் அதன் நுனியில் கூழ் போல இரும்புப் பொடி ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடாத மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். நெருடினாலோ, சின்னச் செதில் கிடைத்தாலோ விஷயம் வேறு. போல்ட்டோடு வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கியபின் அதன் வேலை முடிந்தது. சில ரூபாய் பெறும் அந்த வாஷரைத் திரும்பப் போட்டுக் கசிவு வருவதும், கசிவை நிறுத்தப் போல்ட்டை ஓங்கி முறுக்குவதும், அலுமினிய சம்ப்பின் மரை கழன்று போவதும் ஒரே கதையின் மூன்று கட்டங்கள். ஃபில்டரும் இப்படிப் பொறுமை கேட்கும் பொருள்தான். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது, இந்த வேலை முழுவதிலும் தவறவிடக் கூடாத ஒரு பார்வை. வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு ரப்பர் சேர்ந்து வழுக்கி, ஓடும்போது அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுவதையும் வெளியே தள்ளிவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, அது பதிந்ததும் முக்கால் சுற்று, கையால் மட்டும். பழைய ஃபில்டரைத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வெட்டிப் பார்த்தால் தெரிவது நிறைய. காகித மடிப்பு அடைத்துப் போயிருந்தால், உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போயிருக்கும். பேரிங் காய்வதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று செய்த ஏற்பாடு அது. நாள்கணக்கில் அப்படியே ஓடுவதற்குச் செய்ததல்ல.

எந்த ஆயில் என்ற கேள்வியில் நம் ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இங்கே குளிரே கிடையாது, 15டபிள்யூ-40 போட்டால் போதும், கெட்டியாக இருந்தால் இஞ்சினுக்கு நல்லது என்பார்கள். அனுபவசாலிகள் சொல்வதுதான், ஒரு காலத்து வண்டிகளுக்குச் சரியாகவும் இருந்தது. எஸ்ஏஇ அளவுகோலின்படி 15டபிள்யூ என்பது மைனஸ் 20 டிகிரியில் ஸ்டார்ட் ஆகும் தகுதியையும், 5டபிள்யூ என்பது மைனஸ் 30 டிகிரியில் ஸ்டார்ட் ஆகும் தகுதியையும் குறிக்கும். ஊட்டியின் உறைபனிக்குக்கூட இரண்டுமே தாராளம். ஆகவே குளிரை வைத்து 5டபிள்யூ-30 வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். காரணம் வேறு இரண்டு. புது இஞ்சினின் இடைவெளிகளும் பம்ப்பும் டர்போவும், சூடான நிலையில் இந்த அளவு இளக்கமான ஆயிலே ஓடும் என்று கணக்கிட்டுச் செய்தவை. டிபிஎஃப் உள்ள வண்டிக்கு, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். கரியை எரித்துத் தீர்க்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கி நாளடைவில் அடைத்துவிடும். ஏசிஇஏ சி வரிசை, ஏபிஐ சிகே-4 என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது இந்த விஷயம்தான். வீட்டில் மாற்றுபவர் அந்தப் பொடி எழுத்தைப் படித்து, கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குவார். சர்வீஸ் சென்டரில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக இறங்குவது எந்தத் தரம் என்று கேட்பவர்களைக் காண்பது அரிது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். உயிருக்கு ஆபத்து என்பது முதலாவது. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வண்டியோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ஜாக்கை மட்டும் நம்பி இரண்டு டன் எடைக்குக் கீழே நுழைவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எஸ்யூவியில் இருக்கும் வசதி, பல வண்டிகளைத் தூக்கவே தேவையில்லை என்பது. லேடர் சேசிஸ் வண்டிகள் பலவற்றில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 200 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு டயருக்கும் கட்டை வைத்து, அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்தால் ஒல்லியானவர் கை போல்ட்டுக்கு எட்டிவிடும். எட்டாதவர்கள் கனமான ஜாக் ஸ்டாண்டோ சாய்தளமோ வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். கையுறையும் அப்படித்தான். ஓடித் தேய்ந்த ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படுவது தோல் புற்றுக்கு வழிசெய்யலாம் என்ற எச்சரிக்கை ஆயில் டப்பாவிலேயே இருக்கும். வெறும் கையோடு முழங்கை வரை ஆயிலில் நனைந்து, பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போகும் மெக்கானிக்குகளை எந்த ஷெட்டிலும் பார்க்கலாம். நைட்ரைல் கையுறை அவர்கள் கைக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்து வாரண்டி. இதில் நான் பழமைவாதி. வாரண்டி ஓடும் காலத்தில் கம்பெனி சர்வீஸிலேயே செய்துகொண்டு, பில்லைப் பத்திரப்படுத்தி, நடுவில் டிப் ஸ்டிக்கை மட்டும் நாம் பார்த்துவந்தால் போதும். அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், தன்னுடைய பொருளையோ தன்னுடைய சர்வீஸையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. நம் நாட்டில் அதற்கு ஈடான தனிச்சட்டம் இல்லை. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பதை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று தந்த உத்தரவில் எழுதி வைத்திருக்கிறது. உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. மேல்முறையீடுகள் நடந்தன, அபராதத்தின் கதை எப்படிப் போனாலும் அந்த உத்தரவு எழுப்பிய கேள்வி நிற்கிறது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, தனி இணையதளமும் தொடங்கியபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இன்றைக்குச் சில வண்டிகளில் ஆயில் மாற்றியபின் கம்ப்யூட்டரில் கணக்கைப் பூஜ்யமாக்க ஸ்கேனர் தேவைப்படுகிறது. எளிய வேலைக்குப் பூட்டுப் போடும் இந்தப் போக்கு, வீட்டில் செய்பவரைவிடத் தெருமுனை மெக்கானிக்கைத்தான் அதிகம் பாதிக்கும்.

அவர் பிழைப்பில் நாம் மண்ணைப் போடுகிறோம் என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருக்கிறேன். நல்ல மெக்கானிக்கின் வருமானம் ஆயில் மாற்றுவதில் இல்லை. சத்தத்தை வைத்து வீல் பேரிங்கா ஹப்பா என்று சொல்வதும், கழற்ற முடியாததைக் கழற்றுவதும்தான் அவர் தொழில். ‘வண்டி ஒரு மாதிரி ஓடுகிறது’ என்று வந்து நிற்கும் வாடிக்கையாளரைவிட, ‘நாலாயிரம் கிலோமீட்டரில் ஆயில் அளவு ஒரு விரல் ஏறியிருக்கிறது, டீசல் வாடை அடிக்கிறது’ என்று சொல்லும் வாடிக்கையாளர் அவருக்கு வேலையைப் பாதி முடித்துக் கொடுத்தவர்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம், வடித்த ஆயிலை என்ன செய்வது என்பது. இதற்குப் பதில் வைத்திருக்காதவர் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று தயங்காமல் சொல்வேன். ஒருமுறை வண்டியில் மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நல்ல நீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லி வருகிறது. தண்ணீரில் எண்ணெய் செய்யும் வேலையைச் சென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்களின் படகும் வலையும் அலையாத்தி மரங்களின் வேரும் கறுத்துப்போனதை ஊரே பார்த்தது. நம் தெருக்களில் பழைய ஆயிலுக்கு வழிவழியாகச் சில போக்கிடங்கள் உண்டு. கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு வாங்கிப் போவார்கள்; வேலிக் கம்பத்தில் கரையான் ஏறாமல் தடவுவார்கள்; புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பார்கள். ஒன்றும் வீணாகக் கூடாது என்ற நல்ல குணத்திலிருந்து வந்த பழக்கங்கள்தான். என்றாலும் பலகையில் பூசியதும் கம்பத்தில் தடவியதும் முதல் மழையில் மண்ணுக்குள் இறங்கும், கிணறு பக்கத்தில் இருந்தால் கிணற்றுக்கும் போகும். தேய்ந்த ஆயிலில் இருக்கும் ஈயமும் துத்தநாகமும் மக்கிப் போகிற பொருள்கள் அல்ல.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்கீழ், பயன்படுத்திய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் சேர்க்க வேண்டும். அந்த விதிகளில் பின்னால் செய்த திருத்தத்தின்படி 2024 ஏப்ரல் 1 முதல், ஆயிலைத் தயாரித்து விற்பவர்களுக்கே பழைய ஆயிலைத் திரும்பப் பெறச் செய்யும் பொறுப்பும் வந்திருக்கிறது. மறுசுத்திகரிப்பு என்பது ஏதோ கழிவைக் கண்ணில் படாமல் ஒதுக்கும் வேலை அல்ல. தேய்வது ஆயிலோடு சேர்த்த ரசாயனங்கள்தான், அடிப்படை ஆயில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தண்ணீரையும் அழுக்கையும் நீக்கிக் காய்ச்சி எடுத்தால் திரும்பவும் ஆயிலாகும். வீட்டில் வடிப்பவருக்கு இதில் நடைமுறைச் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு லிட்டரை வாங்க லாரி அனுப்ப எந்த ஆலையும் முன்வராது. புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே பழையதைப் புனல் வைத்து ஊற்றி, கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காமல், பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு அதையும் சேர்த்து, பீப்பாய் வைத்து முறையாக ஆள் வந்து எடுத்துப் போகும் பெரிய ஒர்க்‌ஷாப்பிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுப்பதுதான் கைக்கெட்டும் வழி. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது காசு. யாரிடம் விற்கிறீர்கள், அனுமதிச் சீட்டு உண்டா என்று கூடவே கேட்டுவிட வேண்டும். பால் பாக்கெட் கவரையும் பழைய பேட்டரியையும் திரும்பக் கொடுக்கத் தெரிந்த நம் நகரங்களில், மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு பீப்பாய் வைத்தால் இதுவும் பழகிவிடும். அந்தப் பீப்பாய்க்காக நான் யாரிடமும் மனுக் கொடுக்கத் தயார்.

அடுக்குமாடியில் வண்டி நிறுத்த ஒன்பதடி இடம் மட்டும் உள்ளவர், முழங்கால் மடங்காத வயதில் இருப்பவர், வார நாளெல்லாம் வேலை பார்ப்பவர், இவர்களுக்கெல்லாம் இது நடக்கிற காரியமா என்பதும் நியாயமான கேள்வி. படுத்து வடிப்பது எல்லோராலும் ஆகாது. அதைக் கட்டாயமாக்குவதும் என் நோக்கமல்ல. நான் காக்க நினைப்பது அந்தச் சாட்சியத்தை, அதைச் சர்வீஸ் சென்டரிலும் கேட்டு வாங்க முடியும். இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கைத் துடைத்து இரண்டாம் முறை விட்டுப் பார்த்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் குறிக்க மாடிவீட்டுக்காரருக்கும் இடம் வேண்டியதில்லை. வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது, வடிக்கையில் நானும் நிற்கிறேன் என்று சொல்லலாம். பாதுகாப்பு விதி என்று உள்ளே விடவில்லையானால், பழைய ஃபில்டரையும் வாஷரையும் ஒரு பாட்டிலில் கால் லிட்டர் பழைய ஆயிலையும் எடுத்து வைக்கச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுத வைக்கலாம். போடும் ஆயிலின் தரத்தையும் அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். பிறகு, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன், சமதரையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் மேல்பக்கமாக நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால், கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். கொஞ்சம் வடித்துக் கொடுங்கள் என்று கேட்க, வண்டி இன்னும் அவர்கள் வாசலில் நிற்கும் நேரமே வசதி.